பன்னிரண்டு ஆள் உயரத்தில் ஒரு பி.ஏ.

நீங்கள் பனைமரம் ஏறியிருக்கிறீர்களா?

சும்மா சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். அதுவும் மத்தியான வெயிலில், மூக்குக்கண்ணாடியோடு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பக்கத்து மரத்திலிருந்து ஒரு ஆள் "கீய பாக்காத சாமி, மயக்கம் வரும்!" என்று கத்திக்கொண்டிருக்க... ஏறியிருக்கிறீர்களா?

நான் ஏறினேன். போன மாசம். அடையாறு கடற்கரையில்.

கணக்கில் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்குக் கதையளக்கிறவனுக்குப் பனைமரத்தில் என்ன வேலை என்பீர்கள். கணக்கு வேலைதான்!

விஷயம் இது. என் அக்கா அலமு ரங்கூனுக்குப் போய்விட்டாள். அத்திம்பேருக்கு அங்கே ஒரு மரக்கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். ஒரு வருஷம் தனியாக இருந்து, வீடு பார்த்து, திரும்பி வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். மயிலாப்பூரில் இதெல்லாம் ஒரு விஷயமா? எத்தனையோ வீட்டுப் பெண்கள் போகிறார்கள். போகட்டும். அவர்கள் யாரும் என் அக்கா இல்லையே!

அலமு என்னைவிட ரெண்டு வயசு பெரியவள். எட்டாம் கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். பெண் வளர்ந்துவிட்டாளாம். அவள் வளர்ந்தால் ஜியோமெட்ரி குட்டையாகிவிடுமா என்ன? அதை அன்றைக்கு யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது பதினொன்று. பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. நான் ஹைஸ்கூலிலிருந்து கொண்டுவந்த புஸ்தகம், அப்புறம் காலேஜிலிருந்து கொண்டுவந்த புஸ்தகம், எல்லாம் சமையலறை அலமாரியில் புளிப்பானைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நான் ராத்திரி முழுக்க முட்டிமோதி விட்டுவிட்ட கணக்கு காலையில் மேஜைமேல் முடிந்து கிடக்கும். ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும். நான் வாங்கின மார்க்கில் பாதி அவளுடையது. பட்டம் மட்டும் முழுசாக என்னுடையது!

கப்பலுக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை. கூடத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய் சேஷு... கப்பல் கிளம்பினா எத்தனை நாழி கரையிலேர்ந்து தெரியும்?"

"ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன். சொல்லேன், பி.ஏ.!"

எனக்குப் போதாதா? பெட்டியைச் சாத்தி, மூடிமேல் சாக்குக்கட்டியால் படம் போட்டேன். துறைமுகம் வடக்கே. அங்கிருந்து தெற்கே ஆறு மைல் கடற்கரையோடு வந்தால் அடையாறு. அடையாற்றில் நான். கப்பல் துறைமுகத்திலிருந்து நேர் கிழக்கே போகிறது. ஆக, மூலை நல்ல செங்கோணம். ஒரு பக்கம் ஆறு. என்னிடமிருந்து கப்பலுக்குக் குறுக்கே ஒரு கோடு... அது என் கண் எட்டும் தூரம். மூன்றாவது பக்கம்தான் தெரிய வேண்டியது. கப்பல் எத்தனை மைல் போகிறவரைக்கும் எனக்குத் தெரியும்?

"ஏன்டா, துறைமுகத்துக்கே வந்து பாக்கறதுக்கு என்ன? அடையாத்துல போய் ஏன் நிக்கணும்?"

"துறைமுகத்துக்குள்ள ரெண்டே பேருக்குத்தான் பாஸ் குடுப்பான். அப்பா, அம்மா. அதோட அங்க தரையிலதான் நிக்கணும். தரையில நின்னா மூணு மைல்தான் தெரியும். பூமி உருண்டையாச்சே! உசரமா ஏறினாத்தான் தூரம் தெரியும். அடையாத்துல பெரிய பெரிய பனைமரம் இருக்கு."

"நீ? பனைமரம்? மொட்டை மாடியிலேர்ந்து எட்டிப் பாத்தாலே உனக்குத் தலை சுத்துமே!"

"அது போன வருஷம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தையே பார்த்தாள்.

"அங்கேர்ந்து நான் தெரிவேனாடா?"

"கப்பல் தெரியும். கப்பல்ல நீ இருக்கே. போதாதா?"

மரம் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். கள் இறக்கும் முனுசாமியின் மரம். முனுசாமிக்கு நாற்பது வயசிருக்கும், வாய்க்கு நானூறு. முதல் நாள் நான் போய் நின்றபோதே,

"இன்னா சாமி, கள்ளு வோணும்னா கீயயே குந்திக் குடிக்கலாமே. மேல வேற ஏறணுமா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

"கள்ளு வேண்டாம்ப்பா. கப்பல் பாக்கணும். உன் மரம் எத்தனை அடி உசரம்?"

"பன்னெண்டு ஆளு."

"அடிக்கணக்குல சொல்லேன்."

"அடி இன்னா அடி? ஆளு மேல ஆளு நிக்க வெச்சா பன்னெண்டு ஆளு. இருவது வர்சமா ஏறிக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா?"

ஆளுக்கு ஐந்தரை அடி. பன்னிரண்டு ஆளுக்கு அறுபத்தாறு அடி. அதை ஒன்றரையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கண் எட்டும் தூரம் மைலில் வரும். சுளையாகப் பத்து மைல்! பெட்டி மூடிமேல் அந்தப் பத்தை எழுதினேன். குறுக்குக் கோடு பத்து, ஒரு பக்கம் ஆறு. பத்தின் வர்க்கம் நூறு. அதில் ஆறின் வர்க்கம் முப்பத்தாறு போனால் அறுபத்துநாலு. அதற்கு மூலம் எட்டு. கப்பல் மணிக்குப் பன்னிரண்டு மைல் போகும் என்று அத்திம்பேர் சொல்லியிருந்தார். எட்டு மைல் போக நாற்பது நிமிஷம்.

"நாப்பது நிமிஷம் உன்னைப் பாத்துண்டே இருப்பேன்" என்றேன், பெரிய ராஜா தானம் பண்ணுகிற மாதிரி.

"நாப்பது நிமிஷமா?" என்றாள். "சரி. நானும் அதுவரைக்கும் மேலேயே நிக்கறேன்."

இப்போது பரஸ்தானத்துக்கு வருகிறேன். கப்பல் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை பெண் வீட்டை விட்டுக் கிளம்பலாமா? கப்பல்காரனிடம் போய்ப் பஞ்சாங்கத்தைக் காட்ட முடியுமா? அப்பா வழி கண்டுபிடித்தார், அதுதான் பரஸ்தானம். ஞாயிற்றுக்கிழமை நல்ல வேளையில் பெட்டியைத் தூக்கி எதிர் வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி! அப்புறம் ஆள் எந்தக் கிழமை போனாலும் தோஷமில்லை.

எனக்கு இது தெரியாது. கப்பல் செவ்வாய்தானே என்று ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். புதிதாக மனை போட்டிருக்கிறார்களே, அந்தப் பொட்டலில். முப்பத்திரண்டு ரன். சாயங்காலம் பெருமையாக வீட்டுக்கு வந்தால் எல்லோர் கண்ணும் வீங்கியிருக்கிறது. அலமு பெரியவர்களை நமஸ்காரம் பண்ணி, ஒவ்வொருத்தரிடமும் "போய்ட்டு வரேன்" சொல்லி, எல்லோரும் அழுது முடித்தாயிற்று. பெட்டி எதிர் வீட்டில். ஊருக்குப் போனவள் சமையலறையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்!

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன்.

"நீ எங்கடா இருந்தே? உன்னைத் தேடி எதிராத்து மாமா குளத்தங்கரை வரைக்கும் போய்ட்டு வந்தார்."

"சரி, இப்பச் சொல்லு."

அடுப்படியிலிருந்து அம்மா பாய்ந்து வந்தாள். "ரெண்டாந்தரம் சொல்லப்படாது! ஒருதரம் கிளம்பினது கிளம்பினதுதான். வாயை மூடிண்டு போய்க் கை கால் அலம்பு."

அலமு என்னைப் பார்த்தாள். வாழைக்காய்ப் பிசின் கையோடு மெதுவாகச் சொன்னாள்: "அதான் நாப்பது நிமிஷம் இருக்கேடா. அப்பச் சொல்லிக்கலாம். நீயும் சொல்லு, நானும் சொல்றேன்."

ஆக, எனக்கு இருந்தது அந்த நாற்பது நிமிஷம் மட்டும்தான். புரிகிறதா? திங்கள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம். உப்பு எங்கே, துண்டு எங்கே என்று பேசினோம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இரண்டு பேரும் வாயில் அடக்கிக்கொண்டு நடமாடினோம். செவ்வாய்க் காலை குதிரை வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் ஏறிக்கொண்டாள். அம்மாவுக்குப் பயந்து நான் வெறுமனே தலையை ஆட்டினேன். அவளும் தலையை ஆட்டினாள். தெருமுனை திரும்பும்போது விரலால் காற்றில் ஏதோ வரைந்து காட்டினாள். முக்கோணம்.

மத்தியானம் இரண்டரைக்கு மரத்தடியில் நின்றேன். கீழ்ப்பாதிக்கு மூங்கில் ஏணி சாத்திக் கட்டியிருந்தான் முனுசாமி. அதற்கு மேலே காலில் கயிற்று வளையம் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். அவன் பக்கத்து மரத்தில் அணில் மாதிரிப் போய்விட்டான். நான் மேலே போய்ச் சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். என் மானம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது.

கொண்டையில் மட்டைகளுக்கு நடுவே ஒருவழியாக உட்கார்ந்தேன். மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரித் தொடையை அறுத்தது. ஆனால் கடல்! அப்பா... கீழே நின்று பார்க்கிற கடல் வேறு, இது வேறு. வடக்கே தூரத்தில் துறைமுகம். சரியாக மூன்று இருபதுக்கு அதன் வாயிலிருந்து கப்பல் வெளியே வந்தது. நகத்தளவு. மேலே கறுப்பாக ஒரு புகைக் கோடு.

"தோ வந்துட்ச்சி!" என்று முனுசாமி கத்தினான். "யாரு சாமி அதுல போறது?"

"எங்க அக்கா."

"கூடப் பொறந்ததா?"

"ஆமா."

அவனும் கண்ணுக்குமேல் கையை வைத்துக் கப்பலைப் பார்க்க ஆரம்பித்தான். நான் கடிகாரத்தையும் கப்பலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சொல்லிவிடலாமா? வேண்டாம், கடைசி நிமிஷத்தில் சொல்லலாம். சொல்லிவிட்டால் தீர்ந்துபோகுமே! பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காற்றில் தலைமயிர் பறக்கும். அத்திம்பேர் உள்ளே வரச் சொல்லுவார். அவள் கேட்கமாட்டாள். முப்பது. கண்ணாடி மங்கிவிட்டது. வியர்வைதான், வேறொன்றும் இல்லை. ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைத்து மாட்டினேன். கப்பலைக் காணோம். புகை மட்டும் தெரிந்தது.

மணி நாலு. நாற்பதாவது நிமிஷம்.

"போய்ட்டு வா அக்கா" என்றேன். சத்தமாகவே.

"இன்னா சாமி, அதுக்குள்ள அனுப்பிட்டே? கப்பலு இன்னும் கீதே!"

"இல்லப்பா. அது புகை. கப்பல் கடலுக்கு அந்தாண்ட எறங்கிட்டுது."

"எங்கண்ணுக்குத் தெரீதே! ரெண்டு கம்பம், நடுவுல கொழா, கீய வெள்ளையா ஒரு தட்டு... நல்லாப் பாரு சாமி."

"கணக்குப்படி தெரியாதுப்பா."

"அப்போ எங்கண்ணு பொய்யா?"

"கண்ணு ஏமாத்தும். கணக்கு ஏமாத்தாது."

"சர்தான்!" என்றான் முனுசாமி. "படிச்சவன் சொல்றே. எறங்கு."

இறங்கினேன். தொடை எரிந்தது. மனசில் ஒரு நிறைவு. பார்த்தேன், சொன்னேன், நிமிஷம் பிசகாமல் முடித்தேன் என்று.

போன வெள்ளிக்கிழமை ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. சௌக்கியம், சமுத்திரம் இரண்டாம் நாள் மோசம், அங்கே எல்லோரும் சுருட்டுப் பிடிக்கிறார்கள், பெண்கள்கூட, என்றெல்லாம் எழுதிவிட்டு, எனக்கென்று தனியாக ஒரு தாள் வைத்திருந்தாள். அப்படியே தருகிறேன்.

"டேய் சேஷு, எதிராத்து மாமி பெட்டியைத் துடைக்கவே இல்லை. உன் படம் அப்படியே கப்பல் வரைக்கும் வந்தது. கப்பல் கிளம்பக் காத்திண்டிருந்தபோது அதையே பார்த்துண்டிருந்தேன். அப்பத்தான் உறைச்சது. பத்து மைல்னு எழுதினியே, அது உன் பார்வை தண்ணியைத் தொடற இடம்டா. நான் என்ன தண்ணியிலயா மிதந்துண்டு போறேன்? கப்பல் தட்டில உசரத்தில இல்லையா நிக்கறேன்! உங்க அத்திம்பேரை விட்டு ஒரு கப்பல் சிப்பந்தியைக் கேட்கச் சொன்னேன். தண்ணியிலேர்ந்து என் கண் வரைக்கும் பதினேழு அடி. பதினேழு அடிக்கு அஞ்சு மைல். உன் பத்தும் என் அஞ்சும் சேர்ந்தா பதினஞ்சு. இப்பப் போட்டுப் பாரு. இருநூத்தி இருபத்தஞ்சில முப்பத்தாறு போனா நூத்தி எண்பத்தொம்பது. மூலம் பதிமூணே முக்கால். அறுபத்தொம்பது நிமிஷம்! நீ மரத்துமேல ஏறினப்புறமாவது கண்டுபிடிச்சிருப்பே, பி.ஏ. ஆச்சே. அதனால நானும் அறுபத்தொம்பது நிமிஷம் கம்பியைப் பிடிச்சிண்டு நின்னேன். தலை சுத்தும் உள்ள வா உள்ள வான்னு உங்க அத்திம்பேர் நாலு தரம் வந்தார். நான் நகரலை. கடைசி நிமிஷத்திலதான் சொன்னேன், போய்ட்டு வரேன்டான்னு. நீயும் அப்பத்தானே சொன்னே? எழுது."

படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று இருபதோடு அறுபத்தொன்பது நிமிஷம் கூட்டினால் நாலு இருபத்தொன்பது. நாலு இருபத்தொன்பதுக்கு நான் எங்கே இருந்தேன்? அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு சொத்தைக் கடலை வாயில் அகப்பட்டு, துப்பினேன். அந்த நேரத்தில்தான் நடுக்கடலில் ஒருத்தி ஆளில்லாத மரத்தைப் பார்த்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறாள்.

வழியனுப்புகிறவன் எப்போதும் தன் உயரத்தை மட்டும்தான் அளக்கிறான். போகிறவர்கள் எங்கே நின்று திரும்பிப் பார்க்கிறார்கள் என்று யார் கணக்குப் போடுகிறோம்? முனுசாமி போட்டான். கண்ணால் போட்டான். அவன் வாயை நான் அடைத்தேன்.

ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை. சுலபமான பதில் ஒன்று இருக்கிறதே! 'ஆமாம் அக்கா, கடைசி வரைக்கும் பார்த்தேன், நானும் அப்போதுதான் சொன்னேன்.' இரண்டே வரி. அவளுக்குச் சந்தோஷம். முனுசாமி ரங்கூனுக்குப் போய்ச் சாட்சி சொல்லப் போவதில்லை. நாலு தரம் பேனாவை எடுத்தேன். நாலு தரமும் மூடியைப் போட்டு வைத்துவிட்டேன். என் கணக்கில் தப்பு இருந்தால் அடுப்படியிலிருந்தே மோப்பம் பிடிக்கிறவள் அவள். அவளிடம் ஒரு பொய்க் கணக்கா?

பதில் எழுதுவதற்குப் பதிலாக வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். இங்கிருந்து ரங்கூன் ஆயிரத்து நூறு மைல். நான் எவ்வளவு உயரம் ஏறினால் ரங்கூன் தெரியும்? பூமியின் நடுவிலிருந்து ரங்கூனுக்கு ஒரு பக்கம், நாலாயிரம் மைல். ரங்கூனிலிருந்து என் கண்ணுக்கு ஒரு பக்கம். பூமியின் நடுவிலிருந்து என் கண் வரைக்கும் மூன்றாவது பக்கம். அதே செங்கோணந்தான், அதே வர்க்கமூலந்தான். விடை, உத்தேசமாக நூற்றைம்பது மைல் உயரம். முனுசாமி பாஷையில் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் ஆள்.

அவ்வளவு பெரிய பனைமரம் இருந்தால் இன்றைக்கே ஏறுவேன். கருக்கு அறுத்தால் அறுக்கட்டும். அவள் அடுப்பு மூட்டுகிறாளா, மாடியில் துணி உலர்த்துகிறாளா, யாருமில்லாத சமயத்தில் பெட்டி மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா... பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். இல்லை, இந்தத் தரம் இறங்கமாட்டேன்.

ஆகவே வாசகர்களே, இந்த வாரம் நான் எழுதியது உங்களுக்கு இல்லை. நடுவில் கார்பன் தாள் வைத்துத்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். மேல் பிரதி பத்திரிகைக்கு. கீழ்ப் பிரதி ரங்கூனுக்கு.

அக்கா, நாற்பது நிமிஷம்தான் பார்த்தேன். அப்போதே சொல்லிவிட்டேன். மிச்சம் இருபத்தொன்பது நிமிஷம் நீ தனியாக நின்றாய்.

ரங்கூன் தபாலை ஐந்து மணிக்குக் கட்டிவிடுவார்கள். இப்போது மணி நாலு முப்பத்தைந்து.